மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண்: கணக்கும் கலைச்சொல்லும்

இடைநிலைத் தனிமங்களுள் ஒன்றான மாங்கனீசு, சேர்மத்துக்குச் சேர்மம் வெவ்வேறு ஆக்சிஜனேற்ற எண்ணைப் பெறும் இயல்புடையது. அவ்வெண்ணைக் கணிக்கும் முறையையும், அதனைத் தமிழில் கற்பிக்குமிடத்துக் கலைச்சொல்லால் நேரக்கூடிய மயக்கத்தையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சேர்மத்தில் வெவ்வேறு தனிம அணுக்களுக்கு இடையேயுள்ள பிணைப்பின் எலக்ட்ரான்களை, அவற்றை மிகுதியாக ஈர்க்கும் அணுவுக்கே முழுமையாக உரியன எனக் கொள்வோம். அந்நிலையில் ஓர் அணுவுக்கு அமையும் மின்சுமையே அதன் ஆக்சிஜனேற்ற எண்ணாகும். இது கணக்கிற்காகக் கொள்ளப்படும் சுமையேயன்றி, அணு மெய்யாகவே தாங்கும் சுமையன்று. மின்சுமையற்ற சேர்மத்தில் இவ்வெண்களின் கூட்டுத்தொகை 0 ஆகும். அயனியில் அது அயனியின் மின்சுமைக்குச் சமமாகும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஒரு பொட்டாசியம், ஒரு மாங்கனீசு, நான்கு ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. பொட்டாசியத்தின் எண் +1. ஆக்சிஜனின் எண் −2. மாங்கனீசின் எண்ணை ‘ம’ எனக் கொண்டால், 1 + ம − 8 = 0. எனவே ம = +7. மாங்கனீசு டைஆக்சைடில் ம − 4 = 0; ஆதலின் ம = +4. மாங்கனீசு சல்பேட்டில் சல்பேட் அயனியின் மின்சுமை −2 ஆகும். எனவே மாங்கனீசின் எண் +2.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. பெர்மாங்கனேட்டிலும் சல்பேட்டிலும் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் நான்கே. எனினும் மாங்கனீசின் எண் ஒன்றில் +7, மற்றொன்றில் +2. ‘ஆக்சிஜனேற்ற எண்’ என்னும் தொடரை ‘ஏற்றப்பட்ட ஆக்சிஜனின் எண்ணிக்கை’ எனப் பொருள்கொள்ளும் மாணவர் இவ்விடத்தில் இடர்ப்படுவர். சல்பேட்டின் நான்கு ஆக்சிஜனும் கந்தகத்தோடு பிணைந்தவை என்பதை ஆசிரியர் சுட்டிக்காட்டுதல் வேண்டும்.

மேலும், மாங்கனீசு உலோகம் குளோரினுடன் சேர்ந்து குளோரைடாகும்போது அதன் எண் 0இலிருந்து +2 ஆக உயர்கிறது. இதுவும் ஆக்சிஜனேற்றமே; ஆனால் இவ்வினையில் ஆக்சிஜனுக்கு இடமில்லை.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆக்சிஜனோடு சேர்தலையே தொடக்கத்தில் குறித்த ஐரோப்பியச் சொல், பின்னர் எலக்ட்ரான் இழப்பையும் குறிக்கலாயிற்று. தமிழகத்தின் ‘ஆக்சிஜனேற்றம்’, இலங்கையின் ‘ஒட்சியேற்றம்’ ஆகிய இரண்டும் அப்பழம்பொருளின் சுவட்டைத் தாங்கியுள்ளன. நிலைபெற்ற சொல்லைக் கைவிட வேண்டுவதில்லை. சொல்லின் வரலாற்றைக் கூறியபின் கணக்கைத் தொடங்குவதே மாணவரின் மயக்கத்தை நீக்கும் வழி எனலாம்.