கத்தி வாய்க்கு எத்தனை பாகை?

செங்கலடி–பதுளை வீதியில் உள்ள வயலூர் கரடியனாறு. நெல் வெட்ட இயந்திரம் வந்தபிறகு தாக்கத்திக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் குசினியில் மீன் வெட்டும் கத்தியும், வரம்போரப் பற்றை வெட்டும் காட்டுக்கத்தியும் இல்லாமல் இன்றும் முடியாது. இரண்டையும் ஒரே கல்லில் ஒரே சாய்வில் தீட்டினால் ஏதோ ஒன்று கெடும்.

இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடுதான் கத்தியின் வாய். சரிவு சிறிதானால் வாய் மெலிந்து விராலின் தோலில் வழுக்காமல் இறங்கும். அதே வாய் முதிரைக் கட்டையில் பட்டால் மடங்கும். கடின உருக்கென்றால் பொடிந்து உதிரும். ஆகவே சமையல் கத்திக்கு ஒரு பக்கம் 15 முதல் 20 பாகை, காட்டுக்கத்திக்கு 25 முதல் 30 பாகை பொருந்தும். பட்டறையில் லொறி வில்லுத்தகட்டில் அடித்த கத்தி என்றால் அதில் காபன் சுமார் 0.6 சதவீதம். அடியை நன்றாகத் தாங்கும். சவரக்கத்திபோல் மெலிய வைத்தால் மட்டும் நிற்காது.

பாகைமானி தேவையில்லை. வாயிலிருந்து முதுகுவரை அகலத்தை அளவிடுங்கள். அதில் கால்வாசி உயரத்துக்கு முதுகின் நடுவைக் கல்லிலிருந்து தூக்கினால் ஏறத்தாழ 15 பாகை. மூன்றிலொன்று என்றால் 20. பாதி என்றால் சரியாக 30. 4 சென்ரிமீற்றர் அகலக் கத்திக்கு 1 சென்ரிமீற்றர் தூக்கினால் மீன் வெட்டலாம். பள்ளிக்கூடத்தில் சைன் என்று படித்தது இதுதான். கை பழகும்வரை அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டு சீவி முதுகின் கீழ் வைத்துப் பாருங்கள்.

பழைய கத்தியில் முதலில் இருக்கிற சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும். சரிவு முழுக்க மார்க்கர் பேனையால் மை பூசி, கல்லில் ஒருமுறை இழுங்கள். மை மேல்விளிம்பில் மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். வாயோரத்தில் மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள். முழுதும் அழிந்தால் அதுவே அந்தக் கத்தியின் சாய்வு. எந்த அளவுகருவியையும்விட இந்த மையைத்தான் நான் நம்புகிறேன்.

பல வருடம் தீட்டிய கத்தியில் வாய் மேலேறித் தடித்த பகுதிக்கு வந்திருக்கும். அங்கே சாய்வு சரியாக இருந்தாலும் கத்தி பிளக்குமே தவிர அறுக்காது. வாய்க்கு மேலே உள்ள தடிப்பை முதலில் தேய்த்து மெலிய வையுங்கள். மின்சாணையில் இதைச் செய்தால் அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். வாய் நீலநிறமானால் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறி உறுதி போய்விட்டது என்று பொருள்.

ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் பிசிர் எழும். முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக விரலை வழித்தால் தட்டுப்படும். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது. நீளம் முழுதும் பிசிர் எழுந்தபிறகே பக்கம் மாற்றுங்கள். முடித்ததும் வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெள்ளையாக மின்னும் இடம் இன்னும் மொட்டை.