நேர்கோடும் பனிக்கணவாயும்

ஹிலேர் பெல்லாக் என்னும் எழுத்தாளர், இளமையில் பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் ஊழியம் செய்த தூல் நகரத்திலிருந்து ரோமாபுரிக்குப் பாதயாத்திரை செல்வதென்று 1901-ஆம் வருஷம் புறப்பட்டபோது, தேசப்படத்தில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நேர்கோட்டை இழுத்து, கூடியமட்டும் அதைவிட்டு விலகுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டார். அத்துடன் திருப்தியடையாமல், சக்கரம் பூண்ட எந்த வாகனத்திலும் ஏறுவதில்லை, வெட்டவெளியில் உறங்குவது, தினம் 30 மைல் நடப்பது, காலைதோறும் பூசை காண்பது, ஜூன் 29-ஆம் தேதி பேதுரு பவுல் திருநாளன்று ரோமில் இருந்தே தீருவது என்று சங்கல்பங்களை அடுக்கினார். இத்தனை விரதங்களை ஒருசேரப் பூணுகிறவர் சிலவற்றைப் பங்கப்படுத்துவதற்கென்றே பூணுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

மோசெல் நதிக்கரையோடு ஏறி, ஜூரா மலைகளைக் கடந்து ஆல்ப்ஸை அடைந்தவருக்கு, கோடு காட்டிய மார்க்கம் கிரீஸ் கணவாய். உல்ரிக்கன் கிராமத்தில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, மெல்லிய பருத்தி உடையோடு மேலேறியவரை, ஜூன் மாதம் என்ற தாட்சண்யமே இல்லாமல் பனிப்புயல் எதிர்கொண்டது. உச்சி அதிக தூரமில்லை என்ற நிலையிலும், மேலே செல்வது மரணம் என்று அம்மலைவாசி சொன்னதற்கு அவர் பணிந்து திரும்ப நேர்ந்தது. பிறகு ஃபூர்க்கா, கோத்தார்டு என்று சகலரும் செல்லும் வழியாகச் சுற்றிக்கொண்டு ஐரோலோவில் இறங்கினார். கோமோவில் வேறொரு விபரீதம்: அடுத்த பணம் மிலான் நகரத்தில் காத்திருக்க, கையிருப்போ அதுவரை நடக்கும் நாட்களின் சாப்பாட்டுக்குப் போதவில்லை. ரயில் கட்டணம் இல்லாதவன் நடப்பதே உலக வழக்கம். இவரோ நடக்க வசதியில்லாமல் ரயிலேறினார்! ஆயினும் திருநாளுக்கு ரோம் சேர்ந்துவிட்டார். 1902-இல் வெளியான அவருடைய பிரயாண நூலில், கோடு முறிந்த அந்தக் கிரீஸ் கணவாய்ப் பக்கங்களுக்கு நிகரானவை, கோட்டின்படியே நடந்த நாட்களைப் பற்றியவற்றில் அபூர்வம்.

இப்படியே போட்ட திட்டம் திசைமாறிய இன்னொருவரும் உண்டு. 1933 டிசம்பரில், பதினெட்டே வயதில், ஹாலந்துக் கடற்கரையிலிருந்து கான்ஸ்டாண்டினோபிளுக்கு நடக்கத் தொடங்கிய பாட்ரிக் லீ ஃபெர்மர், வாரம் ஒரு பவுன் செலவில் வைக்கோற்போரிலும் களஞ்சியத்திலும் படுத்துறங்கிப் பரதேசியைப்போல் போவதாக உத்தேசித்திருந்தார். மியூனிக்கில் முதுகுப்பை கடவுச்சீட்டோடும் நாட்குறிப்போடும் களவுபோயிற்று; அங்கே அறிமுகமான ஒரு பிரபு குடும்பத்தார் எழுதித் தந்த கடிதங்களோ மாளிகைக் கதவுகளை ஒவ்வொன்றாய்த் திறந்துவிட்டன. இடையில் பிராக் நகருக்கு ரயில். ஹங்கேரியச் சமவெளியில் சவாரிக்குக் குதிரை. டிரான்சில்வேனியாவில் உபசாரத்தில் கரைந்த ஒரு கோடைகாலம். பெல்லாக்கைப் பனியும் பணமுடையும் திருப்பின. இவரைத் திருப்பியது விருந்தோம்பல், அதை எதிர்க்கும் திராணி எந்த வாலிபனுக்கு உண்டு?

1934-ஆம் வருஷத்தின் கடைசி நாளில் கான்ஸ்டாண்டினோபிளை அடைந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலின் முதல் இரு பாகங்கள் 1977-லும் 1986-லும் வெளியாயின. 2011-இல் அவர் காலமான பின்னர், 2013-இல் அச்சேறிய மூன்றாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதி, அந்நகரம் எட்டுமுன் பாதி வாக்கியத்தில் நின்றுபோயிருந்தது.