இலவச மென்பொருள் ஏன் நச்சரிக்கிறது?

கொட்டாஞ்சேனையில் போட்டோகொப்பி எடுக்கப் போனால், கடைக் கணினியின் மூலையில் ‘உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, இப்போதே மேம்படுத்துங்கள்’ என்று ஒரு சிவப்புப் பெட்டி எழும்புவதைக் காணலாம். இலவச வைரஸ் தடுப்பு மென்பொருளின் வேலை அது. ஏன்?

மென்பொருளை ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த பிரதிக்குச் செலவு ஏறத்தாழ இல்லை. ஆனால் புதிய வைரஸ்களைத் தேடிப் பிடிப்பவர்களுக்கு மாதந்தோறும் சம்பளம் வேண்டும். அதனால் எல்லோருக்கும் சும்மா கொடுத்து, சிலரைக் காசு கட்ட வைக்கிறார்கள். பயமுறுத்தும் வாசகம், பெரிய பச்சைப் பொத்தான், மங்கிய எழுத்தில் ‘வேண்டாம்’ எல்லாம் அந்தச் சிலரைப் பெருக்கத்தான்.

அதுவும் போதாவிட்டால் நம் இணைய நடமாட்டமே சரக்காகிறது. அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம், பயனாளர்களின் உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியே விற்றது. 2024இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1.65 கோடி டொலர் கட்ட வைத்தது. பின்தொடர்வோரைத் தடுப்பதாகச் சொன்ன மென்பொருளே பின்தொடர்ந்தது மன்னிக்க முடியாத துரோகம்.

வேறு வழி கொழும்பிலேயே இருக்கிறது. 2005இல் சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனம், மூல நிரலைத் திறந்து வைத்துவிட்டு, திருத்தங்களுக்கும் உதவிக்கும் நிறுவனங்களிடம் சந்தா வாங்குகிறது. வீட்டுப் பாவனையாளருக்கு அந்த வழி பொருந்தாது. அங்கே விஎல்சி என்ற வீடியோ இயக்கி இருக்கிறது: விளம்பரமே இல்லை, நன்கொடை கேட்கிறது.

அந்தக் கடைக்காரருக்கு ஒன்று சொல்லலாம். விண்டோஸ் 10இலும் 11இலும் வைரஸ் தடுப்பு கூடவே வருகிறது. சிவப்புப் பெட்டிக்காரரை நீக்கினால் அது தானாக வேலையைத் தொடங்கிவிடும்.