ஃபில்டர் மாத்தினா ரீமேப் பண்ணணுமா?

மச்சினன் மகன் போன மாதம் ஒரு பழைய பெட்ரோல் ஸ்விஃப்ட் வாங்கினான். 2012 மாடல். வாங்கின கையோடு ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றணும்னு ஆசை. ஒரு கடையில், "இதெல்லாம் மாட்டினா ரீமேப் கட்டாயம், இல்லேன்னா இன்ஜின் போயிடும்" என்று முப்பதாயிரம் கேட்டிருக்கிறார்கள். மாட்டுத்தாவணிப் பக்கம் நாங்கள் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக்கோ, "அதெல்லாம் வேணாம் தம்பி, கம்ப்யூட்டர் தானா சரி பண்ணிக்கும்" என்கிறார்.

"மாமா, ரெண்டு பேர்ல யார் சொல்றது சரி?"

ரெண்டு பேர் சொல்றதுமே பாதி சரி. எந்தப் பாதி என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஜெட் மாத்தின காலம்

ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. சைலன்சர் மாற்றினால் கார்புரேட்டரில் ஜெட்டும் மாற்றணும். ஜெட் என்பது அளவாகத் துளையிட்ட ஒரு பித்தளைத் துண்டு. காற்று கூடினால், எரிபொருள் எவ்வளவு கூடணும்னு யோசிக்க அதுக்கு மூளை கிடையாது. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். செங்கல் நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை. கரி பிடித்திருந்தால் அதிகம். அன்றைய டியூனிங் அதுதான்.

கம்ப்யூட்டர் தானா சரி பண்ணுமா?

ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். இன்றைய காரில் இந்தக் கணக்கை ஈசியூ போடுகிறது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்த பிறகு மிச்சம் என்ன என்று பார்த்து, "கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஈசியூ அதற்கேற்ப எரிபொருளைத் திருத்தும். திருத்தம் ஒரே பக்கமாக நீடித்தால் அதை நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ஃபியூல் ட்ரிம்.

இது வேலை செய்கிறது என்பதற்கு நம்ம ஊர் பங்க்கே சாட்சி. எத்தனாலுக்கு ஒரு கிராமுக்கு 9 கிராம் காற்று போதும். 10 சதவீதம் கலந்த பெட்ரோலிலிருந்து 2025-ல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டோம். கணக்குப் போட்டால், அதே காற்றுக்கு சுமார் 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. யாரும் ரீமேப் பண்ணவில்லை. கலவையைப் பொறுத்தவரை கார்கள் தாங்களே சரிசெய்துகொண்டன. (ரப்பர் ஹோஸ், மைலேஜ் விவகாரமெல்லாம் வேறு கதை.) பெட்டிக்குள்ளேயே உட்காரும் மாற்று ஃபில்டர் ஏற்படுத்தும் வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருக்காது. மெக்கானிக் அண்ணன் சொன்ன பாதி இது.

யாரும் பார்க்காத இடம்

ஆனால் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது கதை மாறுகிறது. அந்த நேரத்தில் இன்ஜின் சூடாகாமல் இருக்க, ஈசியூ வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோல் விடும்; 12.5, 13 பக்கம். சாதாரண ஆக்சிஜன் சென்சாருக்கு 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டுமே தெரியும். எவ்வளவு தூரம் என்று தெரியாது. அதனால் ஈசியூ சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, தொழிற்சாலையில் எழுதிய அட்டவணையை நம்பி ஓட்டுகிறது. சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால், லோடு உச்சத்தில் இருக்கும்போது மானிட்டரிங்கை அணைத்துவிட்ட மாதிரி.

இன்னொரு விஷயம், வண்டி காற்றை எப்படி அளக்கிறது என்பது. சில கார்களில் உள்ளே போகும் காற்றையே நேரடியாக அளக்கும் சென்சார் உண்டு. மற்றவற்றில் மேனிஃபோல்டு அழுத்தம், வெப்பம், ஆர்பிஎம் மூன்றையும் வைத்து, "இந்த இன்ஜின் இவ்வளவு காற்று இழுக்கும்" என்று அட்டவணைப்படி ஊகிப்பார்கள். ஹெட்டர், கேம் மாற்றினால் இன்ஜின் இழுக்கும் அளவே மாறும், அட்டவணை பழசாகவே இருக்கும். முதல் வகையிலும், சென்சார் உட்காரும் குழாயின் விட்டத்தை மாற்றினால் அளவே தப்பாகிவிடும். முழு மிதியில் பெட்ரோல் பத்தாமல் போனால் நாக்கிங், அப்புறம் பிஸ்டன். கடைக்காரர் சொன்ன பாதி இது.

என் சொந்த முட்டாள்தனம்

பழைய காரில் நான் ஒரு கோன் ஃபில்டர் மாட்டினேன். பெட்டி இல்லாமல் பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் வகை. சத்தம் பிரமாதம். மே மாதம் கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது, ஓபிடி அடாப்டரில் உள்ளே போகும் காற்றின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியது. வெளியே 40. சூடான காற்று லேசானது: 313-ஐ 333-ஆல் வகுத்தால் 0.94. அதாவது 6 சதவீதம் காற்று நஷ்டம். சத்தம் கூடி, இழுவை குறைந்ததுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். இதை எந்த ரீமேப்பும் சரி பண்ணாது. பழைய பெட்டியையே திரும்ப மாட்டினேன்.

அப்போ எதுக்கு வேணும்?

- பெட்டிக்குள் மாற்றும் ஃபில்டர், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சைலன்சர்: தேவையில்லை.
- முழு இன்டேக் குழாய், ஹெட்டர்: அளந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.
- கேம், இன்ஜெக்டர், கம்ப்ரஷன், டர்போ: கட்டாயம் வேண்டும். டியூன் பண்ணாமல் ஓட்டவே கூடாது.

கடைசி வரிக்குக் கம்பெனியே உதாரணம். மாருதி விற்ற 1248 சிசி டீசல் இன்ஜின் ஸ்விஃப்டில் 75 பிஎஸ், எஸ்எக்ஸ்4-லும் எர்டிகாவிலும் 90 பிஎஸ். பின்னதில் வேரியபிள் டர்போ, அதற்கேற்ற அட்டவணை. பொருளும் கணக்கும் சேர்ந்தே மாறின.

அளப்பது எப்படி? ஓபிடி அடாப்டர் வாங்கி, மாட்டுவதற்கு முன்னாலும் ஒரு வாரம் ஓட்டின பிறகும் லாங் டேர்ம் ட்ரிம் பாருங்க. 5 சதவீதத்துக்குள் நகர்ந்தால் பிரச்சினையில்லை. 10-ஐத் தாண்டினால் முதலில் காற்றுக்கசிவு இருக்கிறதா பாருங்க. முழு மிதிக் கலவையை இது காட்டாது. அதுக்கு வைட்பேண்ட் சென்சார் வைத்திருக்கும் டியூனரிடம்தான் போகணும். "வைட்பேண்டில் முன்னாடி, பின்னாடி ரீடிங் காட்டுவீங்களா?" என்று கேளுங்க. காட்ட மாட்டேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துடுங்க.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் ரீமேப் தரும் கூடுதல் சக்தி சொற்பம் என்பதையும் சேர்த்து யோசிங்க.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். ட்ரிம் பார்த்தோம், ஃபில்டர் மாட்டுவதற்கு முன்பே பிளஸ் 11. இன்டேக் ஹோஸில் ஒரு விரிசல். ஹோஸும் நாலு பிளக்கும் மாற்றினோம்.

"மாமா, வண்டி இப்பவே நல்லா இழுக்குதே!" என்றான். முப்பதாயிரம் இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது. சைலன்சர் ஆசையும்.