தண்ணீர் பட்டால் பாறை உருகும்

மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறை எரிமலை கக்கிய குண்டாமே, நிஜமா என்று செங்கல்பட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. வெயிலும் மழையும் மூலைகளைத் தின்று உருட்டிவைத்த கல் அது. வாட்ஸ்அப்பில் யாராவது வேறு கதை அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

ஆனாலும் கேள்வியை அப்படியே தள்ளிவிட மனமில்லை. நம் நாட்டில் இன்றைக்கு உயிரோடிருக்கும் ஒரே எரிமலை அந்தமானின் பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். அதன் கதையையும் மாமல்லபுரத்துக் கல்லின் கதையையும் பிரிப்பது சூடு அல்ல, தண்ணீர்.

குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்பைக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பே இல்லாமல் ஐஸ் உருகுகிறது. பாறைக்குத் தண்ணீர்தான் அந்த உப்பு. இந்தியப் புவித்தட்டு அந்தமானுக்கு அடியில் செருகும்போது, தன் தாதுக்களுக்குள் சிக்கிய கடல்நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் சூடும் அதைப் பிழிந்துவிடுகின்றன. அந்த நீர் மேலேயுள்ள பாறைக்குள் கசிந்ததும் உருகுநிலை சில நூறு டிகிரி இறங்கிவிடுகிறது. ஏற்கெனவே இருந்த சூட்டிலேயே பாறை குழம்பாகிறது. குழம்பு மேலேறி அழுத்தம் தளர்ந்ததும், அதே நீர் ஆவியாகி விரிந்து மலையின் வாயைப் பிளக்கிறது. உப்பும் போட்டுப் பானையையும் வெடிக்கவைக்கும் குல்ஃபிக்காரர் எங்கேயும் இல்லை என்பதால், உவமையை இத்தோடு விட்டுவிடலாம்.

மாமல்லபுரம் இருக்கும் செங்கல்பட்டுப் பக்கம் நடந்தது இதற்குத் தலைகீழ். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700, 800 டிகிரி சூடு. ஈரமுள்ள கிரானைட் என்றால் 650 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கியிருக்கும். இந்தப் பக்கத்துக் கல்லில் நீரே அநேகமாக இல்லை. மைக்கா போன்ற தாதுக்கள் தம்மிடமிருந்த நீரை இழந்து ஹைப்பர்ஸ்தீன் என்ற தாதுவாக மாறிவிட்டன. பல்லாவரம் பக்கம் புதிதாக உடைத்த இதே கல்லின் சில்லு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: நீலம் ஓடிய சாம்பல் நிறம், எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. இந்தக் கல் ஆழத்தில் குழம்பாகப் பிறந்ததா என்று புவியியலாளர்கள் நெடுநாளாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். எரிமலை வாய் வழியாக வரவில்லை என்பதில் மட்டும் சண்டையில்லை.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு வரி: கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்.

பாரன் தீவு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் தூங்கி 1991இல் விழித்தது. 2017இல் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவன விஞ்ஞானிகள் கப்பலிலிருந்து பார்த்தார்கள். பகலில் சாம்பல் புகை மட்டும்தான், பொழுது சாய்ந்த பிறகே செங்குழம்பு பீறிடுவது தெரிந்தது. சுற்றுலாப் பயணிகள் தீவில் இறங்க முடியாது, படகிலிருந்து பார்ப்பதோடு சரி. ததும்பும் குழம்புக் குளத்தின் விளிம்பில் செல்ஃபி எடுக்கலாம் என்று அந்தமான் பேக்கேஜ் ஒன்று ஆசை காட்டினால், விளம்பரத்தில் இருப்பது எத்தியோப்பியாவின் எர்டா ஆலே எரிமலைதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.