ஒன்பது கெஜத்துக்கு எத்தனை சொந்தக்காரர்கள்!

'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்று ஓர் அமெரிக்கர் சொன்னால், ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் என்று பொருள். சரி, எதை அளந்த ஒன்பது கெஜம் அது? அங்கேதான் தகராறு.

அதிகம் பேர் நம்புவது போர்க்கதையை. இரண்டாம் உலகப் போரில் போர் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை 27 அடி நீளமாம். அதாவது 9 கெஜம். முழுவதையும் எதிரி மேல் கொட்டித் தீர்த்துவிட்டு வந்த விமானிகள் இப்படிச் சொன்னார்களாம். இல்லை, கான்கிரீட் லாரியின் கொள்ளளவு என்பார்கள் சிலர். ஸ்காட்லாந்துக்காரர்களின் கில்ட் துணி, பாய்மரக் கப்பலில் 'யார்ட்' எனப்படும் குறுக்குக் கட்டைகள் என்று பட்டியல் நீளும். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தையும் இழுத்தார்கள். அந்த ஆட்டத்தில் கடக்க வேண்டியதோ 10 கெஜம்! நியூயார்க் டைம்ஸில் மொழிப் பத்தி எழுதிய வில்லியம் சஃபையர் பலமுறை துருவியும் விடை கிடைக்கவில்லை.

பழைய செய்தித்தாள்கள் கணினியில் தேடக் கிடைத்ததும் கதைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. யேல் சட்டக் கல்லூரி நூலகர் ஃபிரெட் ஷபைரோவும், பானி டெய்லர்-பிளேக் போன்ற ஆர்வலர்களும் வலைவீசினார்கள். 1956இல் கென்டக்கியின் வேட்டை-மீன்பிடிப் பத்திரிகை ஒன்றில், மீன்பிடிப் போட்டிச் செய்தியில் இந்தத் தொடர் அகப்பட்டது. அடுத்து வந்ததுதான் வேடிக்கை. அதே கென்டக்கியின் 1912ஆம் வருடப் பத்திரிகையில் இருந்தது ஒன்பது அல்ல, ஆறு கெஜம்! 1921இல் தென் கரோலினா நாளிதழும் பேஸ்பால் செய்திக்கு ஆறு கெஜம் என்றே தலைப்புக் கொடுத்திருக்கிறது. (ஆறு, ஒன்பது என்றதும் நமக்குப் புடவைக் கணக்கு ஞாபகம் வரும். கென்டக்கிக்காரர்கள் மடிசாரைக் கண்டார்களா என்ன!) பிறகு இந்தியானாவின் சிற்றூர்ப் பத்திரிகையில், 1907இலேயே ஒன்பது கெஜம் தட்டுப்பட்டது. போர் விமானங்களே இல்லாத காலம். தோட்டாப் பட்டைக் கதை அதோடு முடிந்தது.

ஆறும் ஒன்பதும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் ஒரே பொருளில் புழங்கின என்றால், அந்த எண் எதையும் அளக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஷபைரோ இதை எண் வீக்கம் என்கிறார். ஏழாம் மேகத்தில் மிதந்தவர்கள் பின்னாளில் ஒன்பதாம் மேகத்துக்கு ஏறிக்கொண்டதைப் போல.

துணிக் கட்சிக்காரர்கள் இன்னும் விடவில்லை. அவர்கள் கையில் இருப்பது 1855இல் இந்தியானாவில் அச்சான ஒரு நகைச்சுவைக் கதை. மூன்று சட்டைக்கு எடுத்த ஒன்பது கெஜத் துணியையும் ஒரே சட்டையாகத் தைத்துக் கொடுத்துவிடுகிறாள் ஒருத்தி. போட்டுக்கொள்ள வேண்டியவரோ ஒரு நீதிபதி. மாநிலமும் பொருந்துகிறது, எண்ணும் பொருந்துகிறது. ஆனால் அது நிஜமாகவே துணியை அளந்த கெஜம். அதற்கும் 1907க்கும் நடுவே 52 வருடங்கள் கிடக்கின்றன.