முடிச்சூருக்கு வரும் வெள்ளம் செம்பரம்பாக்கத்துத் தண்ணீரா?

மழைக்காலம் வந்தால் போதும், தாம்பரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ‘செம்பரம்பாக்கம் எத்தனை அடி?’ என்ற கேள்விதான். ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம்வாசிகள் கவனிக்க வேண்டியது வேறு ஏரிகளை.

அடையாறு புறப்படுவது ஆதனூர் ஏரியில். அங்கிருந்து கடல்வரை சுமார் 42 கி.மீ. தொடக்கத்தில் வெறும் ஓடைதான். கோடையில் பார்த்தால் ஆறு என்றே நம்ப மாட்டீர்கள். மழை வலுத்தால் ஆதனூர், மண்ணிவாக்கம் என ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பும். கலங்கல் தாண்டி வழியும் நீரெல்லாம் சேர்ந்துகொள்ள, முடிச்சூருக்கு வருவதற்குள் ஓடை பெருவெள்ளமாகிவிடும்.

செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் கலப்பதோ அதற்கும் கீழே, திருநீர்மலை அருகே. ஆகவே மதகைத் திறந்தால் முதலில் உஷாராக வேண்டியவர்கள் மணப்பாக்கம், சைதாப்பேட்டைக்காரர்கள். கீழே ஆறு நிரம்பி நின்றால் மேலே தண்ணீர் வடியத் தாமதமாகும் என்பது மட்டும் உண்மை.

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் திறந்துவிட்ட 29,000 கன அடியைப் பற்றி ஊரே பேசியது. முடிச்சூர் தெருக்களில் படகு விட வைத்ததோ, பெயர்கூட அதிகம் அடிபடாத அந்தச் சிற்றேரிகள்.